எட்டாவது எழுத்து

ஒரே வருடம், ஒரே பெயர், ஒரே நீலம்.
ஆனால் இரண்டு எஞ்சினோடு விற்றிருக்கிறார்கள்.

"உங்களுடையது எது?" என்றான் ரோமெல்,
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு.
ஏழு பேர் இருக்கலாம் என்றேன்.
பனிச் சக்கரம் தனியாக இருக்கிறது என்றேன்.
பின் சீட்டின் மாம்பழச் சாற்றுக் கறையை
யார் கொட்டினார்கள், எந்தத் திருப்பத்தில் என்பதுகூடத் தெரியும்.
எஞ்சின் தெரியவில்லை.

"முன் கண்ணாடியின் மூலையில்
பதினேழு எழுத்து இருக்கும்.
எட்டாவதைப் பார்த்து வாங்கோ" என்ற மாதிரி
அவனுடைய மொழியில் சொன்னான்.

பெம்பினா சாலையில் காற்று காதை அறுத்தது.
ஆரபி பொனட்டில் வயிறு படியக் கிடந்து
விரல் வைத்து எண்ணினாள். ஏழுவரை சரி.
எட்டின் மேல் கிடந்தது
கிம்லி ஏரிக்குப் போன நாளின் பார்க்கிங் துண்டு.
உள்ளே கை விட்டுத் தள்ளினேன்.
"கே!" என்று கத்தினாள்
லொத்தரில் விழுந்தவள்போல.

ரோமெல் இரண்டு பெட்டிகளைத் திறந்தான்.
இரண்டும் டின்பால் உயரம். இரண்டிலும் ஒரே மரை.
நாலு டொலர் எழுபது; பதினொன்று இருபது.
இடையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை இருக்கிறது
இந்த ஊர் விலைக்கு.
மலிவானதைத் தட்டி, "இதுவும் ஏறும்" என்றான்.
கொஞ்சம் பொறுத்து, "ஏறும், அவ்வளவுதான்."

வண்டிக்குக் கீழே படுத்து எடுத்த படத்தைக் காட்டினேன்.
இருபது நிமிடத்தில் முடித்துத் தருகிற கடை
போன வருடம் பூட்டியது.
பெரிதாக்கிப் பார்த்தான். அதே நாலு எழுபது.
"காலையில் திறப்பைத் திருப்பினால் கடகடக்குமா?"

மூன்று விநாடி.
உள்ளே ஒரு ரப்பர் மடல் இருக்கவேண்டுமாம்,
இரவெல்லாம் எண்ணெய் கீழே வடியாமல் பிடித்து வைக்க.
எங்களுடையதில் அது இல்லை.
விடியும்வரை வடிந்து, வெறும் இரும்பு
இரும்போடு பேசியிருக்கிறது மூன்று விநாடி.
நாங்கள் அதைக் குளிர் என்றிருந்தோம்.
இங்கே எல்லாம் குளிர்தானே:
வெடித்த உதடு, உறையாத தயிர்,
ஒரு சொல் இல்லாமல் சாப்பிட்டு எழும்பும் இரவு.

சனிக்கிழமை. கார்ப்பாதையில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தேன்.
பழையது கழன்று வந்தது, அதன் வளையம் வரவில்லை.
"விரலால் தடவிப் பாருங்கோ,
சிலவேளை எஞ்சினிலேயே ஒட்டிக்கிடக்கும்,
அதன் மேலே புதியதைப் பூட்டினால்
தெரு முழுக்க எண்ணெய்."
தடவினேன். கிடந்தது, கறுப்பாய், சூடாய்,
தன் வேலை முடிந்தது தெரியாமல்.

புது வளையத்துக்குப் புது எண்ணெய் பூசினேன்.
தோசைக்கல்லுக்குத் தடவுகிற அதே விரல்,
வேறு பயிற்சி இல்லை.
கையால் இறுக்கி, பிறகு முக்கால் சுற்று.
நிமலரூபன் ஊறுகாய்ப் போத்தல் மூடுவதுபோல மூடக்கூடாது.
அவர் மூடியதைப் பிறகு அவராலேயே திறக்க ஏலாது.

திங்கள், நாலு ஐம்பது. கழித்தல் பதினொன்று.
திருப்பினேன்.
ஓடுகிறதா என்று முள்ளைப் பார்க்கவேண்டியிருந்தது.

பேக்கரி வாசலில் போன் அடித்தது.
பஸ் தொழிற்சாலையால் இரண்டு மணிக்கு வந்து படுத்த மனிதர்.
"இன்னும் வெளிக்கிடேல்லையா?"
வந்தே சேர்ந்திட்டன் என்றேன்.
"சத்தம் கேக்கேல்லை.
அது கேட்டாத்தான் மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பன்.
கேக்காமல் முழிச்சுப் போனன்."

இரண்டு பனிக்காலம். ஒருநாளும் சொன்னதில்லை.

பாண் அடுப்பு சூடேறிக்கொண்டிருந்தது உள்ளே.
எனக்கும் உடனே ஒன்றும் வரவில்லை.
எட்டாவது எழுத்து கே, என்றேன்.